சோதிக்காமல் சொல்லலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமாக் கடையில் ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது. மேசையில் ரொட்டி சானாய், பருப்புக் கறி, மைலோ. மூன்றாம் படிவத்தில் படிக்கும் மகள் பாதி ரொட்டியோடு தட்டைத் தள்ளி வைக்கிறாள். "வயிறு உப்பின மாதிரி இருக்கு. எப்பப் பார்த்தாலும் களைப்பா வேற இருக்கு" என்கிறாள்.

உடனே இரண்டு தீர்ப்புகள் வருகின்றன.

"கோதுமையே உடம்புக்கு ஆகாதுலா. வாட்ஸ்அப்ல வந்துச்சு. இன்னையிலேருந்து நிறுத்திடு" என்கிறார் அத்தை.

"அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி. நம்ம ஆளுங்களுக்கு எங்க வருது? பேசாம சாப்பிடு" என்கிறார் மாமா.

இது கற்பனைக் காட்சிதான். ஆனாலும் இந்த இரண்டு பேச்சுகளில் ஒன்றையாவது உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அத்தை 'இருக்கிறது' என்கிறார். மாமா 'இல்லை' என்கிறார். இரண்டும் எதிரெதிர் கருத்துகள் போலத் தோன்றும். என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே தவறு. இருவருமே சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்லிவிட்டார்கள்.

கோதுமையால் வரும் சீலியாக் நோயைப் பற்றி அண்மைய ஆண்டுகளில் மருத்துவ ஆய்வுகள் நிறையவே சொல்லியிருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றிய எண்ணம் இதுதான்: இந்த நோயின் வரலாறு முழுவதும், சோதிக்காமல் சொன்னவர்கள் தவறினார்கள், சோதித்துப் பார்த்தவர்கள் உயிர்களைக் காத்தார்கள்.

குடலில் நடப்பது என்ன?

ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி வீசிக் காகிதம் போல விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாவு கிழியாமல் இழுபடுவதற்குக் காரணம் குளூட்டன் என்னும் புரதம். அரிசி மாவை அப்படி வீச முடியாது. அதில் குளூட்டன் இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் ரை எனப்படும் தானியத்திலும் இந்த வகைப் புரதங்கள் உண்டு.

குளூட்டன் யாருடைய வயிற்றிலும் முழுமையாகச் செரிப்பதில்லை. 33 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துண்டு, நம் செரிமான என்சைம்களுக்கு உடையாமல் தாக்குப்பிடிப்பதை 2002இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. அந்தத் துண்டுகள் வந்த வழியே போய்விடும்.

சிலருக்கு மட்டும் கதை மாறுகிறது. குடலின் சுவரில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற என்சைம் இருக்கிறது. அது குளூட்டன் துண்டின் வேதி அமைப்பைச் சற்று மாற்றுகிறது. மாறிய துண்டு, டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 எனப்படும் மரபணு வகை உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்களில், பூட்டில் சாவி பொருந்துவது போலப் பொருந்திவிடுகிறது. உடல் அதை எதிரி என்று எண்ணிப் போரைத் தொடங்குகிறது. குளூட்டனோடு நின்றுவிடாமல், தன்னுடைய என்சைமையே எதிர்த்தும் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அதனால்தான் இதை ஒவ்வாமை என்று சொல்லாமல், உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய் என்கிறார்கள்.

போரில் சேதமடைவது சிறுகுடல். அதன் உட்சுவரில் துவாலையின் இழைகள் போல நுண்ணிய குடலுறிஞ்சிகள் இருப்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். உணவின் சத்தை உள்ளே இழுப்பவை அவைதாம். சீலியாக் நோயில் அவை தேய்ந்து தட்டையாகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கால்சியமும் ஃபோலிக் அமிலமும் உடலில் போதிய அளவு சேர்வதில்லை.

வயிற்றுப்போக்கும் வயிற்று உப்பசமும்தான் இதன் அறிகுறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மாத்திரை சாப்பிட்டும் குணமாகாத இரத்தசோகை, தீராத களைப்பு, வயதுக்கேற்ற உயரமின்மை, தாமதமாகும் பருவ வளர்ச்சி, அடிக்கடி வரும் வாய்ப்புண், பல்லின் எனாமலில் குறை, தோலில் அரிக்கும் கொப்புளங்கள் என்று பல வேடங்களில் இது வரும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இவ்வளவு வேடங்கள் போடும் நோயை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

வாழைப்பழம் செய்த குழப்பம்

1888இல் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஜீ இந்த நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். குணமாக்க வழி இருந்தால் அது உணவில்தான் இருக்க வேண்டும் என்றும் கருதினார். ஆனால், எந்த உணவு என்று அவருக்குத் தெரியவில்லை.

1924இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ், நோயுற்ற குழந்தைகளுக்கு நிறைய வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்தில் நோயைக் குணப்படுத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்தார். அந்த முடிவு பல ஆண்டுகள் நிலைத்தது. உண்மையில் அவருடைய உணவுப் பட்டியலில் ரொட்டியும் தானியங்களும் விலக்கப்பட்டிருந்தன. குழந்தைகளைக் காத்தது தட்டில் இருந்த வாழைப்பழம் அன்று, தட்டில் இல்லாத ரொட்டி. 'வாழைப்பழத்தால் குணமாகிவிட்டது' என்று நம்பி மீண்டும் ரொட்டி சாப்பிட்டால் நோய் திரும்பத்தானே செய்யும்?

ஹாஸ் கெட்டிக்கார மருத்துவர்தான். குழந்தைகள்மீது அக்கறை கொண்டவர்தான். ஆனால், ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்துவிட்டு, பலனை ஒன்றின் கணக்கில் எழுதினார். அறிவியல் கூடத்தில் 'மாறிகளைக் கட்டுப்படுத்து' என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

விடையைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்து குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. கோதுமையின் மீது அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் மலரின் கிழங்குகளைக்கூடத் தின்றார்கள். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில், டிக்கே கவனித்துவந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போரின் முடிவில் ரொட்டி மீண்டும் வந்தபோது நோயும் மீண்டும் வந்தது.

'பார்த்தீர்களா, நான் சொன்னேனே' என்று அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் விலக்கியும், மலத்தில் செரிக்காமல் வெளியேறும் கொழுப்பை அளந்தும், எடையைக் குறித்தும் பார்த்தார். பிறகே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வாக அதை எழுதினார். இன்றுவரை இந்த நோய்க்கு உள்ள ஒரே சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு. அது டிக்கே போட்ட பாதை.

மாமாவின் தீர்ப்பு: 'நமக்கு வராது'

முதலில் மாமா சொன்னதைப் பார்ப்போம். உலக அளவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு சீலியாக் நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஆசியாவில், அதிலும் அரிசி உண்ணும் நாடுகளில், இது இல்லவே இல்லை என்று பாடநூல்களே நீண்ட காலம் கருதின.

2015இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமாக இருக்கும் 562 மலேசிய இளைஞர்களின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், 1.25 விழுக்காட்டினரிடம், அதாவது 7 பேரிடம், சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள்கள் இருந்தன. இது இரத்தச் சோதனை மட்டுமே. குடல் திசுவை எடுத்துப் பார்த்து நோயை உறுதிசெய்த ஆய்வு அன்று. ஆகவே, மலேசியர்களில் 1.25 விழுக்காட்டினருக்கு இந்த நோய் உண்டு என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. அதேபோல, 'மலேசியாவில் இது இல்லை' என்றும் இனிமேல் சொல்ல முடியாது.

நம் முன்னோர் பலர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எனவே, இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளைச் சேர்ந்த 23,331 பெரியவர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

'பார்த்தாயா, நம்ம ஆளுங்களுக்கு வராதுன்னு சொன்னேனே' என்று மாமா குதிப்பார். அடுத்த வரியையும் அவர் படிக்க வேண்டும். நோய்க்குத் தேவையான மரபணு வகை வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடம் இருந்தது, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம் இருந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவு. பெரிய வேறுபாடு வேறோர் இடத்தில் இருந்தது. ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம்; தெற்கில் 25 கிராம்.

ஆக, தென்னிந்தியர்களிடம் நோய் குறைவாக இருப்பதை இந்த மரபணு இல்லாததால் என்று விளக்க முடியாது. சோற்றுத் தட்டு அவர்களைக் காத்திருக்கலாம். இப்போது நம் தட்டைப் பார்ப்போம். காலையில் ரொட்டி, பள்ளி இடைவேளையில் மீ கோரிங், மாலையில் பிஸ்கட், இரவில் சப்பாத்தி அல்லது மேகி மீ. தாத்தாவின் மரபணு நம்மிடம் இருக்கிறது. தாத்தாவின் தட்டு நம்மிடம் இல்லை.

தட்டில் கோதுமை கூடினால் நோயும் கட்டாயம் கூடும் என்று நான் சொல்லவில்லை. இந்த மரபணு வகை உள்ளவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆனால், ஒரு நாட்டில் நோயின் அளவு எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதற்கு ஃபின்லாந்து சாட்சி. அங்கே 1978-80இல் சேமித்து வைத்த இரத்தத்தையும் 2000-01இல் எடுத்த இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். சுமார் 1 விழுக்காடாக இருந்த நோய் 2 விழுக்காடாகியிருந்தது. 20 ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. வாழும் சூழல் மாறியிருக்கும். அப்படியிருக்க, 'அன்று நம் ஊரில் இல்லை' என்பது 'இன்றும் இல்லை' என்பதற்குச் சான்றாகுமா?

அத்தையின் தீர்ப்பு: 'நிறுத்திடு'

அத்தை அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் அவருடைய ஆலோசனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

சீலியாக் நோயைக் கண்டறிய முதலில் செய்வது, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்ற சோதனை. தேவைப்பட்டால் என்டோஸ்கோப்பி மூலம் குடலிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். ஒருவர் குளூட்டனைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இந்த இரண்டு சோதனைகளும் சரியான விடை தரும். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் படிப்படியாகக் குறையும். குடலுறிஞ்சிகளும் ஆறத் தொடங்கும். சில மாதங்கள் கழித்துச் சோதித்தால், நோய் இருந்தும் 'இல்லை' என்று விடை வரலாம். உண்மையை அறிய வேண்டுமென்றால் மீண்டும் பல வாரங்கள் கோதுமை சாப்பிட்டு உடல் துன்பத்தை அனுபவிக்க வேண்டும்.

திருடனைப் பிடிக்கப் போலீஸ் வருவதற்குள் வீட்டைக் கழுவித் துடைத்து வைப்பதைப் போன்றது இது. தடயம் போய்விடும்.

'நிறுத்தியதும் வயிறு சரியாகிவிட்டதே, அதுவே சான்று இல்லையா?' என்று கேட்கலாம். வாழைப்பழக் கதையை நினைத்துப் பாருங்கள். கோதுமையை நிறுத்தும்போது குளூட்டன் மட்டுமா போகிறது? கோதுமையில் ஃப்ரக்டன் என்ற மாவுச்சத்து வகையும் இருக்கிறது. சீலியாக் நோய் இல்லாமலே 'எனக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது' என்று நம்பிய 59 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். குளூட்டன் கலந்தது, ஃப்ரக்டன் கலந்தது, இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டங்களை, எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். வயிற்றுத் தொல்லையை அதிகமாகக் கிளப்பியது குளூட்டன் அன்று, ஃப்ரக்டன். அந்த ஃப்ரக்டன் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. ரொட்டியை விட்டுவிட்டு வெங்காயச் சாம்பாரை அள்ளிக் குடிப்பவருக்கு வயிறு ஏன் இன்னும் உப்புகிறது என்று புரியாது.

காரணம் தெரியாமல் நிறுத்துவதில் இன்னொரு கேடும் உண்டு. களைப்புக்குக் காரணம் தைராய்டாக இருக்கலாம். வேறு வகை இரத்தசோகையாக இருக்கலாம். 'கோதுமைதான் காரணம்' என்று நாமே முடிவு செய்துவிட்டால் உண்மையான நோயைத் தேட யாரும் முயலமாட்டார்கள்.

சோதனைகள் எளிதாகி வருகின்றன

நல்ல செய்தி என்னவென்றால், சோதிப்பது முன்பைவிட எளிதாகி வருகிறது.

ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012லும், பின்னர் 2020லும் வெளியிட்ட வழிகாட்டிகளின்படி, ஒரு குழந்தையின் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு வரம்பைவிட 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது இரத்தச் சோதனையும் அதை உறுதிசெய்தால், குடலில் குழாய் விடாமலே நோயை உறுதிப்படுத்தலாம்.

2025இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் காட்டினார்கள். நோயாளி குளூட்டன் சாப்பிட வேண்டியதில்லை. அவருடைய இரத்தத்தைச் சிறிது எடுத்து, சோதனைக் குழாயிலேயே அதில் குளூட்டன் துண்டைக் கலக்கிறார்கள். நோய் உள்ளவரின் எதிர்ப்பு அணுக்கள் உடனே விழித்துக்கொண்டு இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. அதை அளந்தால் போதும். 181 பேரிடம் செய்த ஆய்வில் நல்ல பலன் கிடைத்துள்ளது. ஏற்கெனவே கோதுமையை நிறுத்திவிட்டவர்களுக்கு இது பெரிய உதவியாக அமையும். ஆனால், நம் வட்டாரக் கிளினிக்கில் வழக்கமாகக் கிடைக்கும் சோதனை இது அன்று. அதுவரை பழைய விதிதான்: சோதனைக்கு முன் நிறுத்தாதீர்கள்.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு, குடல் திசுப் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. ஐந்து மருத்துவமனைகளின் 4,000க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுத்துச் சோதித்திருந்தார்கள். சோதித்தபோது 100க்கு 97க்கும் மேற்பட்ட முறை சரியாகச் சொன்னது. திசுவை ஆராயும் நிபுணர்கள் குறைவாக உள்ள இடங்களில் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இத்தாலி இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு முதல் வகை நீரிழிவு நோயையும் சீலியாக் நோயையும் நாடு முழுவதும் சோதிக்கும் திட்டத்துக்கு 2023இல் சட்டம் இயற்றியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அது.

மாத்திரை வருமா?

'ஒரு மாத்திரை போட்டுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிட முடியாதா?' என்று கேட்பீர்கள். ஆய்வாளர்களும் அதைத்தான் தேடுகிறார்கள்.

நெக்ஸ்வேக்ஸ்-2 என்ற தடுப்பூசி, உடலைக் குளூட்டனுக்குப் பழக்கப்படுத்தும் என்று எதிர்பார்த்தார்கள். பலன் இல்லாததால் 2019இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. குடல் சுவரின் இடைவெளிகளை இறுக்கும் லாராசோட்டைட் என்ற மருந்து மூன்றாம் கட்டச் சோதனைவரை வந்தது. 2022இல் அதுவும் நிறுத்தப்பட்டது.

இன்னொன்று நம்பிக்கை தருகிறது. பூட்டில் சாவி பொருந்துவதற்குக் காரணமான அந்த என்சைமையே தடுக்கும் மருந்து ஒன்று உண்டு, பெயர் இசட்.இ.டி.1227. 2021இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் ஆறு வாரம் தினமும் 3 கிராம் குளூட்டன் சாப்பிட்டார்கள். மருந்து எடுத்தவர்களின் குடலில் சேதம் குறைவாக இருந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. இது இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

இரண்டு தோல்வி, ஒரு நம்பிக்கை. அறிவியல் இப்படித்தான் நடக்கும். பலன் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவதும் நேர்மைதான். அதனால்தான், 'இதைக் குடித்தால் குளூட்டன் பிரச்சினை தீரும்' என்று இணையத்தில் பொடியும் மாத்திரையும் விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம், எப்படிச் சோதித்தீர்கள்?

நாம் என்ன செய்யலாம்?

இத்தாலியைப் போல எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே இரத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். 562 பேரிடம் செய்த ஓர் இரத்த ஆய்வை மட்டும் வைத்து அவ்வளவு பெரிய செலவைக் கேட்பதும் சோதிக்காமல் சொல்வதுதான். முதலில் பெரிய அளவில், திசுச் சோதனையோடு கூடிய ஆய்வு நம் நாட்டில் நடக்கட்டும். அதுவரை, காரணம் தெரியாத இரத்தசோகை உள்ளவர்கள், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், குடும்பத்தில் சீலியாக் நோயாளி இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சோதனையை வழக்கமாக்கினால் போதும். இவர்களுக்கு நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

அடுத்தது, உங்களைப் போன்ற மாணவர்களின் பங்கு. உங்கள் வகுப்பில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறந்தநாள் கேக்கை நீட்டி, "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்வோம். ஆகும். நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே மூன்று மாதத்தில் குடல் பாதிக்கப்படுவதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் உண்டு. அதை 40 துணுக்குகளாகக் கிள்ளினால் ஒரு துணுக்கின் அளவுதான் அந்த 50 மில்லிகிராம். அதனால்தான் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், 'குளூட்டன் அற்றது' என்று அதை அழைக்கக்கூடாது என அனைத்துலக உணவுத் தரவிதி சொல்கிறது.

நோயாளியின் தட்டில் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது தெரியுமா? ரவை, சேமியா, மஞ்சள் மீ எல்லாம் கோதுமை. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துக் காய்ச்சியது. மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. நம் ரசத்தில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பல வேளைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். மீகூனும் குவே தியாவும் அரிசியில் செய்தவைதான். சோயா சாஸ் ஊற்றிப் பிரட்டிவிட்டால் அவையும் ஆபத்துதான். 'குளூட்டன் இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்பவரை, நாகரிகத்துக்குக் கேட்கிறார் என்று கடைக்காரர் எண்ணிவிட்டால், அதே சட்டியில் சமைத்துக் கொடுத்துவிடுவார். நோய் இல்லாதவர்கள் இதை ஃபேஷனாக்கும்போது, நோய் உள்ளவரின் பேச்சுக்கு மதிப்புக் குறைகிறது.

ஆறுதலான செய்தியும் உண்டு. பச்சரிசிச் சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, சோளம் எவற்றிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. ஐரோப்பாவில் ஒரு நோயாளி அதிக விலை கொடுத்துச் சிறப்பு ரொட்டி தேடுகிறார். நம் பாட்டியின் சமையலறையில் பாதி உணவு ஏற்கெனவே அவருக்கு ஏற்றது. மலேசியாவில் பொட்டல உணவில் குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று உணவு விதிமுறை சொல்கிறது. மலாயில் 'கண்டும்' என்று இருந்தால் அது கோதுமைதான். இன்று கடைக்குப் போகும்போது ஒரு பொட்டலத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

மாமாக் கடைக்குத் திரும்பி வருவோம். அந்தப் பெண்ணிடம் அத்தை என்ன சொல்லியிருக்க வேண்டும்? மாமா என்ன சொல்லியிருக்க வேண்டும்? இருவருக்கும் ஒரே பதில்தான் பொருந்தும்: "வழக்கம்போலச் சாப்பிடும்மா. நாளைக்குக் கிளினிக்குக்குப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்திடுவோம்."

அவர்கள் சொல்லாவிட்டால் பரவாயில்லை. மேசையில் நீங்களும் இருப்பீர்கள் அல்லவா? நீங்கள் சொல்லுங்கள்.